வெள்ளிக்கிழமை வால்வு

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் லேகியம் அடிப்பிடித்தால், அந்த வாசனை வழுதாவூர் ரோட்டைப் பிடித்துக்கொண்டு கோரிமேட்டுக்குப் போய், பெரிய ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸைவிட்டு இறங்குகிற நோயாளிகளில் பாதிப் பேரை அங்கேயே குணமாக்கித் திருப்பி அனுப்பிவிட்டு, அப்புறமும் களைக்காமல் சாரத்துக்கு வந்து என் வீட்டு ஜன்னலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வெல்லமும் இஞ்சியும் திப்பிலியும் நெய்யும் ஒன்றாகக் கருகினால் சுடுகாட்டில் பொங்கல் வைத்த மாதிரி இருக்கும். அந்தப் புரட்டாசியில் தொடர்ந்து நான்கு வாரம் அந்த வாசனை வந்தது. வெள்ளிக்கிழமை மட்டும்தான் வரும். அதுவும் பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. என் மனைவி ஜன்னலைச் சாத்திக்கொண்டே, தபால்காரர் வந்ததைச் சொல்கிற மாதிரி, "கோவிந்தராசு வந்துட்டாரு" என்பாள்.

கோவிந்தராசு செத்து அப்போது மூன்றரை மாதம் ஆகியிருந்தது.

எங்களுக்கு எதிர்வீடு. லேகியக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றவர். அண்டா என்றதும் வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கிறதை நினைத்துவிடக் கூடாது. இது உள்ளே இறங்கிப் பந்தல் போட்டு ஒரு கல்யாணத்தையே நடத்தலாம் என்கிற அளவு. அதற்கு இரண்டு சுவர். சுவருக்கும் சுவருக்கும் நடுவே நீராவி ஓடும். நீராவிக் குழாயில் ஒரு சக்கர வால்வு. லேகியம் தொண்ணூற்றாறு டிகிரியில் நிற்க வேண்டும். ஏறினால் கருகும், இறங்கினால் பதம் வராது. கோவிந்தராசு பெரிய கைகாரரெல்லாம் இல்லை, பயந்தாங்கொள்ளி. அரை டிகிரி ஏறினால் மூடுவார், அரை டிகிரி இறங்கினால் திறப்பார். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை. அதனால் அவருக்கு வலது கை பயில்வான் கையாகவும் இடது கை பள்ளிக்கூடப் பையன் கையாகவும் இருந்தது. சட்டை தைக்கிறவன் இரண்டு கைக்கும் தனித்தனியாக அளவெடுப்பான்.

அந்த வருஷம் தை மாதம் அந்த வேலையை ஒரு பெட்டி எடுத்துக்கொண்டது. பெட்டிக்குள் பி.எல்.சி. என்று ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அது அண்டாவின் சூட்டைப் படிக்கும். பழைய சக்கர வால்வுக்கு அடுத்தாற்போல் புதிதாக ஒரு ஆட்டோ வால்வு வைத்தார்கள். பெட்டி சொல்கிற அளவுக்கு அது காற்றில் 'உஸ்'ஸென்று திறக்கும், 'உஸ்'ஸென்று மூடும். பக்கத்தில் ஆள் வேண்டாம். அந்த ப்ரோக்ராமை எழுதியது வேறு யாருமில்லை, கோவிந்தராசுவின் ஒரே மகள் கார்குழலி. இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமா படித்துவிட்டு, கம்பெனி கம்பெனியாகப் போய் இந்த மாதிரிப் பெட்டி மாட்டிக் கொடுக்கிற ஒரு சின்ன ஆபீஸில் வேலை பார்த்தாள்.

தன் வேலையை மகள் பிடுங்கிக்கொண்டாளே என்று அவர் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. சாரம் மார்க்கெட்டில் கத்திரிக்காய் விற்கிறவளிடம்கூட நிறுத்திச் சொன்னார்: "எம்பொண்ணு என் கைய எடுத்து பொட்டிக்குள்ள வெச்சிட்டா தெரியுமா. இனிமே நான் செத்தாலும் கை வேலை செய்யும்."

சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கம்பெனி அவரை வெளியே அனுப்பவில்லை. பேக்கிங் பிரிவில் மனைவி அஞ்சலாட்சிக்கு எதிரே உட்காரவைத்து டப்பாவுக்கு லேபிள் ஒட்டச் சொன்னார்கள். தலைகீழாக ஒட்டினார். அந்த வருஷம் பாதிப் புதுச்சேரி தலையைச் சாய்த்துக்கொண்டுதான் லேகியம் சாப்பிட்டது. ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில், செருப்பைப் போட்டுக்கொண்டு பால் வாங்கக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தார். கோரிமேட்டுக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். வழியிலேயே முடிந்திருந்தது.

கார்குழலி எழுதிய ப்ரோக்ராமைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் மின்துறையில் மீட்டர் படித்து ஓய்வுபெற்றவன். எங்கேயாவது ஒரு எண் ஓடினால் நின்று படித்துவிட்டுத்தான் நகர்வேன். பெட்டி மாட்டின புதிதில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, கொழுக்கட்டை தின்றபடி சொன்னாள்.

"உள்ள மூணு பேரு உக்காந்திருக்காங்கன்னு வெச்சிக்குங்க பெரியப்பா. மொத ஆளு, இப்ப எவ்ளோ கொறையுதுன்னு மட்டும் பாப்பாரு. ரெண்டாவது ஆளு, இதுவரைக்கும் கொறஞ்சத எல்லாம் கூட்டி மனசுல வெச்சிக்கினே இருப்பாரு. மூணாவது ஆளு, எவ்ளோ வேகமா ஏறுது எறங்குதுன்னு பாப்பாரு. மூணு பேரும் சேந்து சொல்ற அளவுக்குத்தான் வால்வு தொறக்கும்."

இதில் உங்கப்பா யார் என்று கேட்டேன்.

"அப்பா மொத ஆளு. அப்பப்ப உள்ளது அப்பப்பத்தான். நம்ம பெரியம்மா ரெண்டாவது ஆளு."

அடுப்பங்கரையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் காபி தராததிலிருந்து இன்றுவரை என் மனைவி எதையும் மறந்தவள் இல்லை.

கோவிந்தராசு போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை சூடு தொண்ணூற்றொன்பதுக்குப் போனது. கம்பெனியில் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ராகு காலத்துக்கு முன்னால், அண்டாவுக்குப் பக்கத்தில் பூசை உண்டு. இருபது வருஷத்து வழக்கம், கோவிந்தராசுவே ஆரம்பித்தது. அவர் இருந்தவரை ஒரு நிமிஷத்துக் கற்பூரத்தோடு முடிந்துவிடும். இப்போது தணிகாசலம் என்கிற ஆபரேட்டர் செய்கிறான். அன்றைக்குச் சாமி படத்துக்குப் பக்கத்தில் கோவிந்தராசுவின் போட்டோவையும் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் சூடு தன்னால் ஏறி இறங்கியது. எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார் என்றார்கள். அடுத்த வாரம் எலுமிச்சம்பழமும் பூசணிக்காயும் சேர்த்தார்கள். நூற்றிரண்டு. அதற்கடுத்த வாரம் சர்க்கரைப் பொங்கல் படைத்து ஆளாளுக்கு விழுந்து கும்பிட்டார்கள். நூற்றைந்து. எவ்வளவு மரியாதை செய்தார்களோ அவ்வளவு கோபம் வந்தது அவருக்கு. ஆவணி முடிவதற்குள் உடுக்கை வந்தது, சாமியாடி வந்தார், அரைமணி நேரப் பூசையானது. புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை அண்டா நூற்றுப் பன்னிரண்டைத் தொட்டு அடியில் கருகியது. ஆள் இல்லாத இடத்தில் ஆட்டோ வால்வு 'உஸ் உஸ்'ஸென்று மூச்சுவிடுவதைத் தணிகாசலம் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை முழுதும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடக்கப் பழகிக்கொண்டான். தரையில் இருந்த ஒட்டடைக்கோல் வரைக்கும் எல்லாவற்றிலும் மோதினான்.

கார்குழலிக்கு வெள்ளிக்கிழமைகளில் சேதராப்பட்டில் வேறொரு கம்பெனியில் வேலை. சனிக்கிழமை லேப்டாப்போடு வந்து, முதல் நாள் சூட்டின் கோட்டைப் பார்ப்பாள். எனக்கும் காட்டினாள். வாரம் முழுக்க வாய்க்கால் தண்ணீர் மாதிரி நேராக ஓடுகிற கோடு, வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பள்ளத்தில் விழும். பிறகு மலை மாதிரி ஏறும். அப்புறம் சின்னப் பள்ளம், சின்ன மலை, இன்னும் சின்னப் பள்ளம். படுத்திருக்கிற ஆள் ஒருவர் பெருமூச்சு விட்டுவிட்டுத் தூங்கிப்போன மாதிரி இருந்தது. நான் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் லேப்டாப்பை மூடிவிட்டாள்.

பத்து மணிக்கு நீராவி நின்றதா என்று தணிகாசலத்தைக் கேட்டாள். பாய்லரில் பிரஷர் முழுசாக இருந்தது என்றான் அவன். அது உண்மை. குறிப்பு நோட்டைப் புரட்டினாள். பத்து மணிக்கு நேரே 'நார்மல்' என்று எழுதியிருந்தது. சூடு படிக்கிற சென்சாரை மாற்றினாள். வயரை மாற்றினாள். பள்ளம் சீக்கிரம் நிரம்பட்டும் என்று, குறைந்ததைக் கூட்டி வைக்கிற அந்த இரண்டாவது ஆளின் குரலை உயர்த்தி வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் மோசமாகக் கருகியது. அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டு நடையில் மாட்டியிருந்த அப்பா படத்தைத் தாண்டும்போது குனிந்துகொண்டு போனாள்.

"நான் கைய மட்டும்தான் பெரியப்பா வெச்சேன்" என்றாள் ஒரு நாள். "ஆளயே வெச்சிட்டனா?"

பேய் பிசாசை நம்பாத பெண். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு என் வீட்டு மீட்டர்கூட என்னைப் பார்த்துத்தான் சுற்றியது.

அஞ்சலாட்சி மட்டும் பயப்படவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போவாள். தாலி அறுத்தவள் பூ வைக்கலாமா என்று பேக்கிங் பிரிவில் முணுமுணுத்தவர்கள், அவள் திரும்பிப் பார்த்ததும் லேபிளுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். கருகல் வாசனை வந்தால் கையில் இருக்கிற டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் அண்டாவைச் சுரண்டும்போது அந்தக் கரியில் ஒரு கை எடுத்து டிபன் பாக்ஸில் போட்டு வருவாள். ராத்திரி உலையில் பழையபடி மூன்று பேருக்குத்தான் அரிசி போடுவாள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். கசப்பு என்றால் வேப்பிலை வந்து காலில் விழும். ஆனால் விழுங்கின பிறகு, தொண்டைக்கும் கீழே எங்கேயோ ஒரு சொட்டு வெல்லம் இருந்தது.

இப்படியே போயிருக்கும். தீபாவளி நெருங்கிவிட்டது. லேகியக் கம்பெனிக்கு வருஷத்தில் அந்த ஒரு மாதம்தான் உயிர். நான்கு அண்டா லேகியம் போனதும் முதலாளி இராமதாஸ் எதிர்வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கினவர். ஊரில் அவர்கள் வீட்டை இன்னும் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்றுதான் சொல்வார்கள். அந்த வீட்டு மனிதர்களுக்கு அடுத்தவரைத் திட்டவே வராது, மன்னிப்புக் கேட்டபடியேதான் கழுத்தை நெரிப்பார்கள். மழை. நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, சொட்டச் சொட்டப் பேசினார். திருக்கனூர்ப் பக்கத்திலிருந்து காத்தவராயன் என்று ஒரு பூசாரி வருகிறார். இந்த வெள்ளிக்கிழமை கோவிந்தராசுவைக் கட்டி ஒரு பாட்டிலில் அடைத்துக் கொண்டுபோய்விடுவார். அதற்குக் கோவிந்தராசு உடுத்தின சட்டை ஒன்று வேண்டும். கட்டின மனைவி அங்கே நின்று, பேர் சொல்லி, 'நீ எனக்கு வேணாம், போ' என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். முடியாது என்றால் தனக்கு வருத்தம்தான், ஆனால் அஞ்சலாட்சியும் பேக்கிங்குக்கு வர வேண்டாம், கார்குழலியின் ஆபீஸும் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விடலாம்.

இராமதாஸ் போன பிறகு அஞ்சலாட்சி கருவாட்டுக் குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு, சட்டைகளை எடுத்துக் கீழே பரப்பினாள். எல்லாவற்றிலும் வலது கை பெரிதாக இருந்தது. நானும் என் மனைவியும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மகள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"முப்பது வருசத்துல அந்த ஆள நான் பேரு சொல்லிக் கூப்ட்டதில்ல மாமா" என்றாள் என்னிடம். "மொத மொத கூப்புடறதே போன்னு சொல்லவா?"

"வேல போனா போவட்டும்மா" என்றாள் கார்குழலி.

"உனக்கு வேற கம்பெனி இருக்குது. எனக்கு அவரு அங்கதானே வர்றாரு."

"அவரு வர்ல. எங்கியோ தப்பு. என்னால கண்டுபுடிக்க முடியல, அவ்ளோதான்."

"உன்னால கண்டுபுடிக்க முடியலன்னா அப்ப அது அவருதான்" என்றாள் அஞ்சலாட்சி, குழம்பைக் கிளறிக்கொண்டே. "நான் சட்டயும் தர்றதில்ல, சொல்லவும் சொல்றதில்ல. போயி நிக்கிறேன். என் கண்ணு முன்னாடி எப்டி அடைக்கிறான்னு பாக்கறேன்."

அம்மா அங்கே தனியாக நிற்கக் கூடாது என்பதற்காக மட்டும் கார்குழலி அன்றைக்குச் சேதராப்பட்டுக்கு லீவு சொன்னாள். கோவிந்தராசுவுக்கு அண்ணன் முறையில் நான் சாட்சி. என் ஸ்கூட்டரில் அஞ்சலாட்சியை ஏற்றிக்கொண்டு போனேன். மழை அப்படிப் பெய்தது. வழுதாவூர் ரோட்டில் எங்களுக்கு வலப்பக்கம் ஒரு எருமை நீந்திக்கொண்டு வந்தது, சிக்னலுக்குக்கூட நின்றது.

பூசாரி காத்தவராயனுக்கு நாற்பது வயசு இருக்கும். கழுத்தில் எலும்பு மாலை, காதில் ப்ளூடூத். பாட்டில், சோடா பாட்டில். ஆணி, கருப்புக் கயிறு, கோழி முட்டை, எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு, சட்டை எங்கே என்று கேட்டார். தர முடியாது என்றாள் அஞ்சலாட்சி. அவர் இராமதாஸைப் பார்த்தார். இராமதாஸ் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு தரையைப் பார்த்தார். கார்குழலி ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல், தன் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அண்டாவுக்குள் லேகியம் கரும்பழுப்பாகச் சுழன்றது. பெட்டியின் திரையில் தொண்ணூற்றாறு என்று பச்சையில் இருந்தது. வால்வு நாற்பத்தெட்டு சதவீதம்.

பத்து மணி. தணிகாசலம் மணியைக் கையில் எடுத்தான். மற்ற கையால் பழைய சக்கர வால்வைப் பிடித்து, ஒரு சுற்று, இரண்டு சுற்று, நிறையச் சுற்று சுற்றினான். அதுவரை காதை அடைத்துக்கொண்டிருந்த நீராவிச் சத்தம் நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியில் மணி கணகணவென்று அழகாக ஒலித்தது.

கார்குழலி திரும்பினாள். "இன்னா பண்ணீங்க இப்ப?"

"சாமி கும்புடறோம்மா."

"அத கேக்கல. வால்வ மூடனீங்களா?"

"மூடாம எப்டிம்மா? அந்தச் சத்தத்துல சாமி காதுல மணி விழுமா. ஒங்கப்பா கொண்டாந்த வழக்கந்தானே. பூச முடிஞ்சதும் தொறந்துடுவோம்."

"இத எங்கிட்ட ஏன் சொல்லல?"

தணிகாசலத்துக்கு நிஜமாகவே புரியவில்லை. "நீ வேலயப் பத்தித்தானேம்மா கேட்ட?" என்றான்.

நோட்டில் எழுதவில்லை, யாரும் மறைக்கவும் இல்லை. சாமி கும்பிடுவதை யார் மிஷின் கணக்கில் எழுதுவார்கள். இருபது வருஷமாக அந்த ஒரு சக்கர வால்வுதான் இருந்தது. மூடினால் நிற்கும், திறந்தால் ஓடும், கேட்பதற்கு ஆள் கிடையாது. இப்போது அதற்குப் பின்னால் ஒருத்தன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.

திரையில் சூடு தொண்ணூற்றைந்து ஆனது. தொண்ணூற்று மூன்று. எண்பத்தொன்பது. வால்வு அறுபது, எண்பது, நூறு. எங்கள் தலைக்கு மேலே 'உஸ்' என்று ஒரு நீண்ட மூச்சு. மொத்தக் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு அது காத்திருந்தது. நீராவி வரவில்லை. எனக்கு எழுபது வயசில் முதல்முறையாக முதுகெலும்பில் ஒரு பல்லி ஓடியது, வாலோடு.

"வந்துட்டாரு" என்றாள் அஞ்சலாட்சி மெதுவாக.

உடுக்கை அதிர்ந்தது. "பேரச் சொல்லிப் போன்னு சொல்லும்மா" என்றார் பூசாரி. அவள் மேலே வால்வையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாண வீட்டில் கூட்டத்துக்குள் தன் ஆளைக் கண்டுபிடித்துவிட்ட முகம் அது.

கார்குழலியின் விரல் பெட்டியின் மேல் இருந்தது. அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள். அந்த விரல் ஒரு யுகம் அப்படியே நின்றது. கடைசியில் எதையோ அழுத்தி, வால்வைப் பெட்டியிடமிருந்து தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். 'உஸ்'. வால்வு நூறிலிருந்து நாற்பதுக்கு இறங்கியது.

கற்பூரம் அணைந்தது. தணிகாசலம் சக்கரத்தைத் திறந்தான். எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். இராமதாஸ் குடையை விரித்துக்கொண்டார், கட்டடத்துக்குள்ளே. எண்பத்து மூன்று, எண்பத்தெட்டு, தொண்ணூற்று நான்கு என்று சூடு நல்ல பிள்ளையாக ஏறி வந்தது. கார்குழலி மறுபடி எதையோ அழுத்தி, வால்வைப் பெட்டியிடமே திருப்பிக் கொடுத்தாள். தொண்ணூற்றாறு. நின்றது.

பூசாரி சோடா பாட்டிலை மூடி, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "புடிச்சிட்டேன். உள்ள இருக்கான். இப்ப அந்தம்மா மூணு தரம் சொல்லணும், அப்பத்தான் முடிச்சு நிக்கும்."

இராமதாஸ் கும்பிட்டார். பேக்கிங் பெண்கள் கும்பிட்டார்கள். அஞ்சலாட்சி வால்வை விட்டுவிட்டு அந்த வெறும் பாட்டிலைப் பார்த்தாள். அவள் கண் அங்கேயே நின்றுவிட்டது. அடைபட்டவரைப் பார்க்கிற பார்வை. கடைசியில், இவ்வளவுக்கும் பிறகு, அவள் வாயைத் திறந்தாள்.

"சொல்லாதம்மா" என்றாள் கார்குழலி. "அதுல அப்பா இல்ல. எதுலயும் அப்பா இல்ல."

அங்கே இருந்தவர்களுக்கு வாயால் சொன்னால் ஏறாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சாமி படத்தைத் திருப்பி வைக்கச் சொன்னாள், அப்பா போட்டோவைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். மணி இல்லை, கற்பூரம் இல்லை. அண்டாவில் ஒரு கால்பங்கை விட்டுவிட்டு மற்ற லேகியத்தை வெளியே இறக்கச் சொன்னாள். பிறகு தன் கையாலேயே சக்கர வால்வை மூடிவிட்டு, இருபது நிமிஷம் யாரும் எதுவும் செய்யாமல் நிற்க வேண்டும் என்றாள். நின்றோம். ஒரு அசம்பாவிதத்தை இவ்வளவு மரியாதையாக வரிசையில் நின்று யாரும் வரவேற்றிருக்க மாட்டார்கள். வால்வு தன்னால் நூறுக்குப் போய் வாய் பிளந்து காத்திருந்தது. அவள் சக்கரத்தைத் திறந்தாள். தொண்ணூற்றாறு வந்தது, நிற்கவில்லை. நூறு. நூற்றைந்து. நூற்றுப் பன்னிரண்டு. அடியிலிருந்து அந்தப் புகை எழும்பியது. கோவிந்தராசு போட்டோவில் என் கையில் சிரித்துக்கொண்டிருந்தார்.

காத்தவராயன் நியாயமான மனிதர். பாட்டிலைத் திறந்து, கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு, முட்டையை மடியில் கட்டிக்கொண்டார். தன் ஊர் மோட்டார் பம்பு அமாவாசைக்கு அமாவாசை எரிவதையும் இந்தப் பெண் வந்து பார்க்குமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

மற்றவர்கள் டீ குடிக்கப் போன பிறகு, அஞ்சலாட்சி ஒரு காலி டின்மேல் உட்கார்ந்தாள். மகள் எதிரே நின்றாள். நான் போட்டோவோடு ஓரமாக இருந்தேன்.

"நீராவி வர்லன்னு தெரிஞ்சா சும்மா இருக்கலாமில்ல அது" என்றாள். "எதுக்கு அப்டித் தொறந்து வெச்சிக்கினு நிக்கிது?"

"அதுக்குத் தெரியாதும்மா. கொறையுதுன்னு மட்டுந்தான் தெரியும். கொறையக் கொறையக் கூட்டிக்கினே போவும். பூச நீள நீள இன்னும் கூடும். விட்டுத் தரத் தெரியாது. திடீர்னு வந்தா, அவ்ளோ நேரம் சேத்து வெச்சத எல்லாம் ஒரேயடியா வாங்கிக்கும். அதான் கருகுது."

"அப்டி இருன்னு யாரு சொல்லிக் குடுத்தது அதுக்கு?"

"நான்தான்" என்றாள் கார்குழலி.

அஞ்சலாட்சி மகளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "மாத்தி எழுதிடுவியா?" என்று மட்டும் கேட்டாள்.

"எழுதணும்மா. இல்லன்னா இன்னொரு பூசாரி வருவான்."

"எழுது" என்றாள் அவள். எழுந்து பேக்கிங்குக்குப் போனாள்.

அன்று மத்தியானமே கார்குழலி எழுதிவிட்டாள். நாலே வரி என்றாள். வால்வு முழுசாகத் திறந்த பிறகும் நீராவி வராவிட்டால், அந்த இரண்டாவது ஆள் கூட்டுவதை நிறுத்திக்கொள்ள வேண்டும். மறுபடி வரும்போது, அந்த நிமிஷத்திலிருந்து பார்த்தால் போதும். என் மனைவிக்கும் ஒன்று எழுதித் தரச் சொன்னேன். சிரிக்கவில்லை அவள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இராமதாஸ் கார்குழலியோடு என்னையும் வரச் சொல்லியிருந்தார். தணிகாசலம் வழக்கம்போல் சக்கரத்தை மூடி, வழக்கம்போல் மணி அடித்துக் கற்பூரம் காட்டிவிட்டுத் திறந்தான். சூடு வந்து தொண்ணூற்றாறில் உட்கார்ந்தது, அசையவில்லை. கோடு நேராக ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். தணிகாசலம் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தான்.

நான் பேக்கிங் பக்கம் போனேன். அஞ்சலாட்சி தலைக்குக் குளித்திருந்தாள். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, மூக்கைக் கொஞ்சம் தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள். பத்தே முக்கால். பதினொன்று. தகரக் கூரையில் மழை. இஞ்சி வாசனை வந்தது, நெய் வாசனை வந்தது, வெந்த வெல்லத்தின் நல்ல வாசனை வந்தது. பதினொன்றேகால். பதினொன்றரைக்கு அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். முந்தானையை வாயில் வைத்தாள். பிறகு அதையும் எடுத்துவிட்டாள்.

ஆனி மாதம் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவள் அழவில்லை. கரும காரியத்துக்கும் அழவில்லை. மனசு கல் என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். அன்றைக்கு அழுதாள். பேக்கிங் பெண்கள் டப்பாக்களைத் தள்ளிவிட்டு அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரோ மாரில் அடித்துக்கொண்டாள், யாரோ ஒப்பாரியை எடுத்துக் கொடுத்தாள். தீபாவளி லேகியம் அன்றைக்குப் பேக் ஆகவில்லை. இராமதாஸ் வாசல்வரை வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அப்படியே நின்றார். கோவிந்தராசு அன்றைக்குத்தான் செத்தார். நாங்கள்தான் முன்கூட்டியே எரித்துவிட்டோம்.

கார்குழலி ஈரக் கையோடு ஓடி வந்தாள். அம்மாவுக்கு முன்னால் மண்டியிட்டாள், தொடப் பயந்தாள். அஞ்சலாட்சியே அவள் தலையைப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளிடம் சொன்னாள்:

"ராத்திரிக்கி நீயே ஒல வெச்சிடு. நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் அரிசி போடு. போதும்."